கனண்ட்ரம் வெந்நீர் ஊற்று: ஒரே நாளா, ஓர் இரவா, இரண்டு இரவா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆஸ்பென் ஊருக்குத் தெற்கே, 11,200 அடி உயரத்தில் (சுமார் 3,400 மீட்டர்) இருக்கிறது கனண்ட்ரம் வெந்நீர் ஊற்று. பக்கத்தில் கார் போக வழியில்லை. சுமார் 8,800 அடியில் பாதை தொடங்குகிறது. அங்கிருந்து ஓடையை ஒட்டியே 8.5 மைல் ஏறினால்தான் குளத்தைப் பார்க்க முடியும். போகவர 17 மைல், அதாவது 27 கிலோமீட்டர். சுற்றிலும் 13,000, 14,000 அடிச் சிகரங்கள். நடுவே பாறைகளால் வரம்பு கட்டிய குளத்தில் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீர். படத்தைப் பார்த்தவர்கள் உடனே தேதி குறித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சந்தேகம் வருகிறது: விடியற்காலை கிளம்பி அன்றைக்கே திரும்பிவிடலாமா, மேலே ஓர் இரவு தங்கலாமா, வந்ததே வந்தோம் என்று இரண்டு இரவு இருந்துவிடலாமா?

கேட்பவர்களில் பெரும்பாலோர் கால் தாங்குமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். கால் ஓரளவு தாங்கிவிடும். இந்த முடிவு தூக்கத்தைப் பொறுத்தது: போவதற்கு முந்தைய இரவுகள் எந்த உயரத்தில் தூங்கினீர்கள், போன அன்று எந்த உயரத்தில் தூங்கப்போகிறீர்கள்.

எதை வைத்து முடிவு செய்வது

முதலில் உயரம். 3,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. 2,500 மீட்டரைத் தாண்டினாலே மலைநோய் யாருக்கும் வரலாம். தலைவலி, குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, தூக்கமின்மை ஆகியவைதான் அறிகுறிகள். மேலே போய்ச் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவில்தான் அது முகம் காட்டும். நடக்கும்போது ஒன்றும் தெரியாது. ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுந்த பிறகு மண்டை இடிக்கத் தொடங்கும். உடல் தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாரத்தான் ஓடுபவர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, நடைப்பயிற்சி வாசனையே இல்லாதவர் பக்கத்தில் நிம்மதியாகக் குறட்டை விடுவதும் உண்டு.

தாழ்வான ஊரிலிருந்து வருபவர் முதல் இரவிலேயே 9,000 அடிக்கு மேல் தூங்கக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. ஹியூஸ்டனிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ வெள்ளி இரவு விமானத்தில் டென்வர் வந்து, சனிக்கிழமை ஏறி, அன்றிரவே 11,200 அடியில் தூங்குகிற திட்டம் இதற்கு நேர் எதிரானது. வேலைக்குப் போகிறவர்கள் போடும் வாரயிறுதித் திட்டம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, குளத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்பது. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலில் இடிமழை வருவது இந்த மலைகளில் வழக்கம். ஊற்று இருக்குமிடம் திறந்த வெளி. இடிச் சத்தம் கேட்டால் தண்ணீரைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்பவருக்குக் குளம் கண்ணுக்குத் தெரியும், இறங்க முடியாமல் போகலாம்.

மூன்றாவது ஓடை. பாதை கனண்ட்ரம் ஓடையை மூன்று இடங்களில் கடக்கிறது. ஜூன் மாதம் பனி உருகி ஓடும் காலத்தில், காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடிய தண்ணீர் பகல் வெயில் ஏற ஏறப் பெருகி, சாயங்காலம் இன்னும் வேகமாக ஓடும். போகும்போது எளிதாகக் கடந்துவிட்டோம், வரும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

மிச்சம் இரண்டு: முதுகில் ஏற்றும் சுமை, அனுமதிச் சீட்டு. இவற்றை அந்தந்தத் திட்டத்தோடு சேர்த்துப் பார்ப்போம்.

திட்டம் 1: ஒரே நாளில் போய்வருவது

இதைக் கேட்டதும் பலரும் “17 மைலா, ஒரே நாளிலா?” என்று பின்வாங்குவார்கள். ஆனால் தாழ்வான ஊரிலிருந்து வருபவருக்கு மூன்றில் இதுதான் பாதுகாப்பானது என்பது என் கருத்து. காரணம், பகலில் உயரத்தைத் தொட்டுவிட்டு இரவு கீழே வந்து தூங்குகிறீர்கள். ஆஸ்பென் சுமார் 7,900 அடி. மலைநோய் தலைகாட்டும் நேரத்தில் நீங்கள் 3,000 அடிக்கு மேல் இறங்கியிருப்பீர்கள்.

சுமையும் குறைவு. மூன்று லிட்டர் தண்ணீர் (அல்லது ஒரு லிட்டரும் வடிகட்டியும், பக்கத்திலேயே ஓடை இருக்கிறது), சாப்பாடு, மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, துண்டு, ஹெட்லாம்ப் எல்லாம் சேர்த்து ஆறேழு கிலோவைத் தாண்டாது. இந்தச் சுமையோடு ஏற ஐந்து மணி நேரம், இறங்க நான்கு, குளத்தில் ஒன்று, நின்று நிதானிக்க ஒன்று என்று வைத்தால் பதினொரு மணி நேரம் ஆகும். அதிகாலை நாலரைக்கு நடக்கத் தொடங்கினால் ஒன்பதரை, பத்துக்குக் குளத்தில் இருக்கலாம். பதினொன்றுக்குக் கிளம்பினால் மேகம் திரளும்போது காட்டுக்குள் இறங்கியிருப்பீர்கள். பகலில் போய்வர முன்பதிவு வேண்டாம். பாதை தொடங்குமிடத்தில் பெயர் எழுதிப் பதிந்துகொண்டால் போதும்.

வெளியே தெரியாத செலவுகள் என்ன? முதலாவது, அந்த நாலரை மணி. அதற்காக முந்தைய இரவு ஆஸ்பெனிலோ பக்கத்திலோ தங்கியாக வேண்டும். கோடையில் ஆஸ்பென் விடுதி வாடகையைப் பார்த்தால் டென்ட் வாங்கிவிடலாம் போலத் தோன்றும். இன்டிபென்டன்ஸ் பாஸ் சாலையில் வனத்துறையின் டிஃபிகல்ட் கேம்ப்கிரவுண்ட் 8,000 அடியை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. ஆஸ்பெனுக்குப் பக்கம், உயரமும் உடலைப் பழக்கத் தோதானது. இங்கே இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறுவது மிக நல்ல ஏற்பாடு.

இரண்டாவது செலவு குளத்திலேயே இருக்கிறது. ஐந்து மணி நேரம் ஏறி வியர்த்தவர் வெந்நீரில் உட்கார்ந்தால் இரத்த நாளங்கள் விரியும். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். பாறை விளிம்பில் வழுக்கி விழ அது போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து கால் மணி நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்குவது நல்லது. வெந்நீரில் ஊறி நெகிழ்ந்த காலோடு இன்னும் 8.5 மைல் இறங்க வேண்டும் என்ற நினைப்பும் இருக்கட்டும். இறக்கத்தின் கடைசி மூன்று மைலில் முட்டி பேசும். ஊன்றுகோல் இரண்டு கொண்டுபோகாதவர்கள் அப்போது வருந்துவார்கள்.

அன்றிரவே டென்வருக்குக் கார் ஓட்டுவதாக இருந்தால் இந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள். பதினொரு மணி நேரம் நடந்தபின் நான்கு மணி நேரம் மலைச்சாலையில் ஓட்டுவதுதான் அந்த நாளின் மிக ஆபத்தான பகுதி.

திட்டம் 2: மேலே ஓர் இரவு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. ஆசை புரிகிறது: சாயங்காலம் ஊறலாம், விடியற்காலை ஊறலாம், நட்சத்திரம் பார்க்கலாம். பகல் கூட்டம் போன பிறகும், மறுநாள் அது வருமுன்னும் குளம் தங்குபவர்களுக்கு மட்டும்தான். கனண்ட்ரத்தின் சிறப்பே அந்த இரண்டு பொழுதுகள்தான் என்று சொல்பவர்களோடு நான் வாதாடமாட்டேன்.

ஆனால் இதற்கு நிறைய வேலை இருக்கிறது. 2018 முதல் இங்கே இரவு தங்க அனுமதிச் சீட்டு கட்டாயம். அதற்குமுன் கோடை வாரயிறுதிகளில் கூட்டம் அலைமோதி, குப்பையும் மனிதக் கழிவும் பெருகி வனத்துறைக்குத் தலைவலியானதால் வந்த ஏற்பாடு அது. அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன்.கவ்-இல் பல மாதங்களுக்கு முன்பே தேதிகள் திறக்கும். கோடை வாரயிறுதிகள் வேகமாகத் தீர்ந்துவிடும். சீட்டில் எந்த எண் போட்ட இடம் என்று இருக்கிறதோ அங்கேதான் டென்ட் அடிக்க வேண்டும்.

அடுத்தது கரடி டப்பா. கனண்ட்ரம் இருக்கும் மரூன் பெல்ஸ்-ஸ்னோமாஸ் வனப்பகுதியில் இரவு தங்குவோர் சாப்பாட்டைக் கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பாவில் வைப்பது கட்டாயம். டப்பா மட்டுமே ஒரு கிலோ இருக்கும். சாப்பாடு தீர்ந்தாலும் அதன் பருமன் குறையாது. மணம் வரும் எல்லாமே உள்ளே போக வேண்டும்: பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு, சாக்லேட் சுற்றிய காகிதம் வரை. சப்பாத்தியை மடிக்காமல், டப்பாவின் உள்சுவரை ஒட்டி வளைத்து வைத்தால் நடுவில் மற்றதற்கு இடம் கிடைக்கும். சாதம் வடிக்கும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகாமல் கேஸ் தீரும். வெந்நீர் ஊற்றினால் ஊறிவிடுகிற அவல், கூஸ்கூஸ், உடனடி உப்புமா வகைகள் போதும். குளிர்காய நெருப்பு மூட்டவும் அங்கே அனுமதியில்லை.

இதோடு டென்ட், ஸ்லீப்பிங் பேக், பாய், அடுப்பு, மனிதக் கழிவைக் கட்டிக் கீழே கொண்டுவரும் பை எல்லாம் சேர்ந்து 13 முதல் 16 கிலோ ஆகும். ஐந்து மணி நேர ஏற்றம் ஏழாகும். காலை எட்டுக்குக் கிளம்பினால் குளம் சேர மூன்று மணி, சரியாக இடிவேளை. ஆகவே தங்கப்போகிறவர்களும் ஆறு மணிக்குள் கிளம்புவது நல்லது. ‘இரவு அங்கேதானே’ என்ற மெத்தனம் இந்தத் திட்டத்தில் மட்டும் வருகிற வியாதி.

பெரிய விலை, முன்பே சொன்ன முதல் இரவு. இரண்டு இரவாவது ஆஸ்பென் உயரத்தில் தூங்கிப் பழகியவர்கள், கொலராடோவிலேயே குடியிருந்து அடிக்கடி மலையேறுபவர்கள் ஆகியோருக்கு இதுதான் சிறந்த திட்டம். வெள்ளி இரவு விமானத்தில் வந்து இறங்குபவருக்கு மூன்றிலும் மோசமானது இதுதான். அசெட்டசோலமைடு மாத்திரை (டயமாக்ஸ்) தற்காப்புக்கு உதவும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கி. மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அவரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா வகைகள் ருசி மாறிப்போகும். பயப்பட வேண்டாம், இவை இந்த மருந்தின் வழக்கமான பக்கவிளைவுகள். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டதால் பழக்கப்படுத்தலைத் தவிர்க்கலாம் என்று எண்ணக் கூடாது.

இரவில் ஒருவர் நேராக நடக்கத் தடுமாறினால், பேச்சு குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அவரை உடனே கீழே கூட்டிப்போக வேண்டும். அங்கே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவி ஒன்றைக் குழுவில் யாராவது வைத்திருப்பது அவசியம்.

திட்டம் 3: இரண்டு இரவு

இரண்டு இரவுக்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று: நடுநாளில் டிரையாங்கிள் கணவாய் வரை ஏறிப் பார்ப்பது. குளத்திலிருந்து இரண்டு மைல்தான், ஆனால் 12,900 அடி. மரமே இல்லாத சரிவு. பனி ஜூலை வரை கிடக்கும். காலை ஒன்பதுக்குள் மேலே நின்றுவிட்டுத் திரும்பினால், ஊறுவதற்கு முழுப் பகல் மிச்சம்.

கணவாய் ஏறும் எண்ணமில்லாமல் வெறுமனே ஓய்வெடுக்க இரண்டாம் இரவைச் சேர்ப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தக் கூடுதல் இரவை மேலே செலவழித்தால் கூடுதல் சாப்பாடும் கட்டணமும்தான் மிச்சம். அதே இரவை ஏறுவதற்கு முன்னால் ஆஸ்பென் உயரத்தில் செலவழித்தால் முதல் இரவுத் தலைவலி போய்விடும். லீவு எத்தனை நாள் என்பது மாறாது, இரவை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. இதைச் சொன்னதும் முக்கால்வாசிப் பேர் திட்டம் 3-ஐ விட்டுத் திட்டம் 2-க்கு வந்துவிடுகிறார்கள்.

கணவாயைத் தாண்டி மறுபக்கம் காதிக், க்ரெஸ்டட் பட் ஊர்கள் என்று இறங்கிவிடும் ஆசையும் சிலருக்கு உண்டு. அழகான வழிதான். கார் மட்டும் ஆஸ்பென் பக்கமே நிற்கும். மலையைச் சுற்றிச் சாலையில் திரும்பி வருவது 100 மைலை ஒட்டிய பயணம். இரண்டு கார், இரண்டு ஓட்டுநர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஒரே நாள் | ஓர் இரவு | இரண்டு இரவு |
|---|---|---|---|
| அன்று தூங்கும் உயரம் | சுமார் 8,000 அடி | 11,200 அடி | 11,200 அடி |
| சுமை | 6–7 கிலோ | 13–16 கிலோ | 15–18 கிலோ |
| முன்பதிவு | வேண்டாம் | கட்டாயம் | கட்டாயம் |
| கரடி டப்பா | வேண்டாம் | கட்டாயம் | கட்டாயம், பெரியது |
| குளத்தில் கிடைப்பது | காலை ஒரு மணி நேரம், பகல் கூட்டத்தோடு | சாயங்காலமும் விடியலும் | தாராளமாக |
| மறைவிலை | முந்தைய இரவு விடுதி, முட்டிவலி | முதல் இரவு மலைநோய் | விடுப்பு, எடை, கட்டணம் |
| யாருக்கு | நன்றாக நடப்பவர், தாழ்வான ஊர்க்காரர் | உயரத்துக்குப் பழகியவர் | கணவாய் ஏறுபவர் |

சுமைக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். விலை உயர்ந்த இலகுவான டென்ட் வைத்திருப்பவர் மூன்று கிலோ கழித்துக்கொள்ளலாம்.

எந்த மாதம்

திட்டத்தைப் போலவே மாதமும் முடிவை மாற்றும். ஜூனில் ஓடை பெருகியிருக்கும். ஒரே நாள் போகிறவர் பிற்பகலில் அதைக் கடக்க வேண்டியிருப்பதால், அந்த மாதத்தில் தங்கிவிட்டு மறுநாள் காலை இறங்குவது மேல். ஜூலை, ஆகஸ்டு காட்டுப்பூக்களின் காலம், இடியின் காலமும்கூட. என்னைக் கேட்டால் செப்டம்பரின் நடு வாரநாள். இடிமழை குறைந்திருக்கும், பள்ளத்தாக்கு முழுக்க ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும், சீட்டு கிடைக்கவும் வாய்ப்பு கூடுதல். ஆனால் இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். வெந்நீரைவிட்டு வெளியே வரும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே காய்ந்த துண்டும் குல்லாவும் குளத்தின் விளிம்பில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டென்டுக்குள் இருந்தால் பயனில்லை. ஈரத் துணியோடு நடந்தால் உடல் வேகமாகக் குளிர்ந்துவிடும்.

குளிர்காலத்தை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பனிச்சரிவுப் பாதைகள். 2019 மார்ச்சில் அங்கே சரிந்த பனி, மரங்களை வேரோடு சாய்த்து வீட்டையே இடித்தது. 2012-இல் பனிக்காலணியோடு ஏறிய விமானப்படைக் கல்லூரி மாணவர்கள், குளத்துக்குப் பக்கத்திலிருந்த பழைய குடிலுக்குள் உறைந்து செத்த மாடுகளைக் கண்டார்கள். பனிப்புயலுக்கு ஒதுங்கி வந்தவை வெளியேற வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவை. வெடி வைத்து அகற்றலாமா என்றுகூட வனத்துறை யோசித்துவிட்டு, கடைசியில் கைரம்பத்தால் அறுத்துத்தான் அப்புறப்படுத்தியது.

குடும்பத்தோடு போகிறவர்கள் கவனத்துக்கு

அங்கே உடையில்லாமல் குளிப்பது நெடுநாள் வழக்கம். யாரும் அதை வினோதமாகப் பார்ப்பதில்லை. பிள்ளைகளையோ பெரியவர்களையோ கூட்டிப்போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். நாயைக் குளத்துக்குக் கொண்டுபோக அனுமதியில்லை. இயற்கை வெந்நீரில் தலையை முக்குவதும் கூடாது: இத்தகைய நீரில் வாழக்கூடிய நீக்லேரியா அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிர் பிழைப்பது அரிது. நோய் வருவது மிக அபூர்வம்தான். ஆனாலும் கழுத்துக்குமேல் நனையாமல் உட்கார்வதில் என்ன கஷ்டம்?

வயதான அம்மா, அப்பாவோடு வந்திருக்கிறோம், மலை வெந்நீரில் குளிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் மேலே சொன்ன மூன்றும் வேண்டாம். ஆஸ்பெனிலிருந்து 40 மைலில் க்ளென்வுட் ஸ்பிரிங்ஸ் இருக்கிறது. 1888-இல் திறந்த பெரிய வெந்நீர்க் குளம், காரிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும். அவர்களை அங்கே உட்காரவைத்துவிட்டு, நடக்கத் தெம்புள்ள இரண்டு பேர் மறுநாள் கனண்ட்ரத்துக்கு ஒரே நாளில் போய்வருவதும் நல்ல ஏற்பாடுதான்.

சீட்டு கிடைக்கவில்லை என்றால்

ரத்தான தேதிகள் திரும்பவும் தளத்தில் வரும். போகவிருக்கும் வாரத்தில் தினமும் ஒருமுறை பாருங்கள். கிடைக்காவிட்டால் திட்டம் 1. சீட்டில்லாமல் போய் இருட்டில் ஓரமாக டென்ட் அடித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வனத்துறை ரேஞ்சர்கள் வந்து பார்க்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள். அதைவிட மோசம், இருட்டில் மூட்டை கட்டிக்கொண்டு 8.5 மைல் இறங்கச் சொல்வார்கள். ஒரே நாளில் போகும்போது மட்டும் ஒரு நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்: பகல் பன்னிரண்டுக்குள் குளம் கண்ணில் படவில்லையென்றால், எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், அங்கிருந்தே திரும்ப வேண்டும். அந்த நேரத்தைக் குழுவில் எல்லோரும் கிளம்புமுன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மேலே போய் வாக்கெடுப்பு நடத்தினால் எப்போதும் ‘இன்னும் கொஞ்சம்தான்’ கட்சிதான் ஜெயிக்கும்.